கோடைக் காற்றும் துவிச்சக்கரவண்டியும்

கோடை என்னுஞ் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. வெயிற்காலம் என்பது ஒன்று; அஃது எல்லாரும் அறிந்தது. மேற்கிலிருந்து வீசுங் காற்று என்பது மற்றொன்று. கீழ்காற்றைக் கொண்டல் என்றும், தென்காற்றைத் தென்றல் என்றும், வடகாற்றை வாடை என்றும் வழங்கிய நம் முன்னோர், மேல்காற்றைக் கோடை என்று வழங்கினர். நம் கல்லூரியில் யாம் மாணாக்கராயிருந்த காலத்தில் இந்நான்கு பெயர்களையும் மனனஞ் செய்து ஒப்புவித்தோம், பரீட்சையில் எழுதினோம், புள்ளியும் பெற்றோம். ஆயினும், ஒரு காற்றுக்கும் ஒரு காலத்துக்கும் ஒரே பெயர் வந்தது ஏன் என்று அன்று யாம் வினவவில்லை. அவ்வினாவுக்கு விடை கிடைத்தது இருபது ஆண்டுகள் கழித்து, மகாஓயாவுக்கு அணித்தாக, வீதியோரத்துப் புளியமரம் ஒன்றின் நிழலில். அது கிடைத்த விதம் விரும்பத்தக்கதன்று.

இம்மலரின் பதிப்பாசிரியர்கள், எமது சைக்கிட் பயணத்தைப்பற்றி ஒரு கட்டுரை வரைந்து அனுப்புமாறு கேட்டனர். யூபிலி ஆண்டை முன்னிட்டுப் பழைய மாணவர் சிலரும் மேல்வகுப்பு மாணவர் சிலரும் அதே வழியில், அதே ஆகஸ்ட் விடுமுறையில், மலையகத்திலிருந்து கீழ்க்கரைக்குச் செல்ல எண்ணியுள்ளனர் என்பதையும் அவர்கள் கடிதத்தால் அறிந்தோம். ஆதலின், அருவிகளையும் மலைமுகடுகளையும் வருணித்தலைச் சிறிது குறைத்துக் காற்றைப்பற்றிச் சிறிது விரித்துரைப்பதே தகும் எனத் துணிந்தோம். அருவிகளைச் செல்வோர் தாமே காண்பர். காற்றைக் காண்டல் இயலாது.

யாம் ஹற்றனுக்கு அண்மையிலுள்ள தோட்டப் பாடசாலையொன்றில் தமிழ் கற்பிக்கின்றோம். 2018ஆம் ஆண்டு ஆகஸ்ட் விடுமுறையில் நால்வராய்ப் புறப்பட்டோம். எம்மோடு விஞ்ஞானங் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர். தோட்டக் காரியாலயத்து இலிகிதர் ஒருவர். எம்மிடம் படித்து உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருந்த பத்தொன்பது வயதுப் பிள்ளை ஒருவன். அவன் தாயார் கொழுந்து பறிப்பவர். புறப்பட்ட அன்று விடியற்காலையில், பிரட்டுக்குப் போகும் வழியில் லயத்து வாசலில் நின்று, "சேர், நீங்க கூடப் போறீங்கன்னுதான் விடுறேன்" என்று ஒரே வாக்கியத்தில் தம் மகனை எம்மிடம் ஒப்புவித்தார். வண்டிகளில் இரண்டு கியர் பூட்டியவை. இரண்டு சாதாரண லுமாலா வண்டிகள். பிள்ளைக்கு வாய்த்தது சாதாரண வண்டியே. ஆயினும் அவனே எப்போதும் முன்னே சென்றான்.

விஞ்ஞான ஆசிரியர் பயணங்களைப்பற்றி நிரம்பப் படித்தவர். பம்பாயிலிருந்து 1923இற் சைக்கிளிற் புறப்பட்ட பார்சி இளைஞர் அறுவருள் மூவர், ஈரான், ஈராக்கு முதலிய நாடுகளின் வெம்மணலையெல்லாம் கடந்து உலகைச் சுற்றி 1928இல் ஊர் மீண்ட வரலாற்றை அவர் அடிக்கடி சொல்வார். அவர்களை நினைத்தால் மட்டக்களப்பு எம்மாத்திரம் என்று யாமும் எண்ணினோம். ஹற்றனிலிருந்து நுவரெலியா, வெலிமடை, பதுளை, பிபிலை, மகாஓயா, செங்கலடி வழியாக மட்டக்களப்பு ஏறக்குறைய 260 கிலோமீற்றர். நான்கு நாளிற் போய்விடலாம் என்று கணித்தோம். கணக்கிற் பிழையில்லை, காற்றைத்தான் கணக்கிற் சேர்த்திலேம்.

முதல்நாள் மழையோடே புறப்பட்டோம். ஆகஸ்டில் ஹற்றனில் மழை பெய்வது செய்தியன்று, பெய்யாவிட்டாலே செய்தி. கொட்டகலை கடந்து தலவாக்கலைக்குச் செல்லும் வழியெங்கும், இடுப்பிற் படங்கு கட்டிக் கூடையை முதுகிற் சுமந்த பெண்கள் மழையிலேயே கொழுந்து பறித்துக்கொண்டிருந்தனர். மேற்கொத்மலை நீர்மின் திட்டம் 2012இல் தொழிற்படத் தொடங்கியபின் முன்னைய பெருக்கை இழந்துவிட்ட சென்கிளையர் அருவி, அன்று மட்டும் பழைய நினைவு வந்ததுபோலச் சற்றுப் பருத்து வீழ்ந்தது. தலவாக்கலையில் ஒரு கடையிற் சாயத்தண்ணீர் அருந்தி, விஞ்ஞான ஆசிரியர் பாடசாலை ஆய்வுகூடத்திலிருந்து கொணர்ந்திருந்த வெப்பமானியைப் பார்த்தோம். 18 பாகை செல்சியஸ். அங்கிருந்து நுவரெலியாவுக்கு ஏறக்குறைய 650 மீற்றர் ஏற வேண்டும். லிந்துலை தாண்டியபின் மூடுபனி எம்மை விழுங்கிக்கொண்டது. பிற்பகல் நுவரெலியாவில் 15 பாகை. பற்கள் தாளம் போட்டன.

இம்மழை எங்கிருந்து வருகின்றது? மே மாத இறுதி தொட்டுச் செப்டெம்பர்வரை இந்து சமுத்திரத்திலிருந்து வீசுந் தென்மேல் பருவப்பெயர்ச்சிக் காற்று, நீராவியைச் சுமந்து நம் தீவின் மேற்குக் கரையை அடைகின்றது. தாழ்நிலத்தைத் தடையின்றிக் கடந்து, கினிகத்தேனை, வட்டவளைப் பக்கங்களில் மலைச்சுவரில் முட்டுகின்றது. வேறு வழியின்றி மேலே ஏறுகின்றது. மேலே ஏறும் வளி, சுற்றுமுள்ள அமுக்கம் குறைவதால் விரிகின்றது. விரியும் வளி குளிர்கின்றது. சைக்கிள் ரியூப்பின் வாயைத் திறந்து காற்றை வெளியே விட்டாற் குளிர்ந்து வருவதையும், காற்றடிக்கும்போது பம்பின் அடி சுடுவதையும் அறியாத மாணாக்கன் இல்லை. மலைமேல் நிகழ்வதும் அதுவே. குளிர்ந்த வளியில் நீராவி ஒடுங்கி முகிலாகின்றது, முகில் மழையாகின்றது. மலையின் மேற்குச் சரிவுகளில் ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேலும் மழை பெய்யும் இடங்கள் உள்ளன. தீவின் காய்ந்த ஓரங்களான மன்னாரும் அம்பாந்தோட்டையும் அதில் ஐந்திலொரு பங்கைக்கூடப் பெறாத ஆண்டுகள் பல.

நம் கல்லூரியிற் பூமிசாத்திரம் போதித்த ஆசான் கரும்பலகையில் ஒரு மலையை வரைந்து, இடப்பக்கத்தே நீலச் சுண்ணக்கட்டியால் மழைக்கோடுகளை இட்டு, வலப்பக்கத்தை வெறுமையாக விட்டு, "இது மழையொதுக்கு" என்று கூறிப் பாடத்தை முடிப்பார். அந்த வெறுமையான பக்கத்தினுள்ளே சைக்கிளிற் செல்லும் நாள் வரும் என்று அன்று யார் கண்டார்!

இரண்டாம்நாட் காலை நுவரெலியாவினின்று புறப்பட்டோம். சீதாஎலிய அம்மன் கோயிலில் வணங்கி, ஹக்கலையை அடையும்வரை அதே மூடுபனி, அதே தூறல். ஹக்கலைப் பூங்கா 1861இற் சின்கோனா மரம் வளர்த்துக் கொயினா மருந்து எடுத்தற்பொருட்டுத் தொடங்கப்பட்டது. இன்று மலர்களுக்காகச் செல்வோரே பலர். அப்பூங்காவை அடுத்த கணவாயிற் காற்று புனலில் ஊற்றிய நீர்போல் நெருக்குண்டு பாய்ந்தது. வண்டியைக் கையாற் பிடித்துக்கொண்டு சிறிது தூரம் நடந்தோம். அதைக் கூற வெட்கமில்லை. பக்கத்திலிருந்து திடீரென அறையுங் காற்று, இறக்கத்தில் விரையும் வண்டியை வீதியின் நடுவே தள்ளிவிடும். நனைந்த பிறேக்குக் கட்டையோ உடனே பிடிக்காது. செல்லவிருப்போர் இவ்விடத்தை நினைவிற் கொள்க.

கணவாயைக் கடந்து சில திருப்பங்கள் இறங்கியிருப்போம். மழை நின்றது என்று சொல்வது பொருந்தாது. மழையை விட்டு யாம் வெளியே வந்தோம் என்பதே பொருந்தும். திரும்பிப் பார்த்தால் மலைமுகட்டின்மேல் முகில் ஒரு வெள்ளைச் சுவர்போல் நின்றது. இப்பாலே நீலவானம், வெயில், காய்ந்த புற்றரைக் குன்றுகள், ஊவா வடிநிலம் முழுவதும் உள்ளங்கையில் விரித்ததுபோற் கிடந்தது. புகைவண்டியிற் செல்வோர் இவ்வதிசயத்தைப் பட்டிப்பொளைக்கும் ஒகியாவுக்கும் இடைப்பட்ட சுரங்கத்திற் காண்பர். ஒரு வாயில் மழையில் இருக்கும். மறுவாயில் வெயிலில் இருக்கும். நுவரெலியா மாவட்டமும் பதுளை மாவட்டமும் பிரியும் எல்லையும் அதுவே. வெலிமடையில் நண்பகல் வெப்பமானி 25 பாகை காட்டியது. ஈர உடைகளை வண்டியின் பின்தட்டிற் கட்டினோம், அரைமணியிற் காய்ந்துவிட்டன. எமது இலிகிதர், "இந்த வெயிலை ஒரு போத்தலில் அடைத்து ஹற்றனுக்குக் கொண்டுபோனால் நல்ல விலைக்கு விற்கலாம்" என்றார். யாவரும் நகைத்தோம். பிள்ளை எல்லாரினும் உரக்க நகைத்தான்.

இங்கே ஒரு நுட்பத்தை விளக்குதல் வேண்டும். மழையை இழந்த காற்று மலைக்கு அப்பால் வறண்டு வீசுவது எளிதில் விளங்கும். அஃது ஏன் சுடவேண்டும்? மலையேறுமுன் இருந்த வெப்பத்துக்குத் திரும்பினாற் போதாதோ? ஐரோப்பாவில் அல்ப்ஸ் மலையின் வடபால் இத்தகைய காற்று வீசும். அதனைப் போன் என்பர். ஆபிரிக்காவின் பாலைவனத்திலிருந்து வருவதாலேயே அது சுடுகின்றது என்று முற்காலத்தார் பலர் நம்பினர். ஒஸ்திரிய நாட்டு வளிமண்டல அறிஞரான யூலியஸ் ஹான் 1866இல், வெப்பம் பாலைவனத்திலிருந்து வரவில்லை, மலையிலேயே பிறக்கின்றது என்று விளக்கினார்.

அவ்விளக்கத்தை நம் தீவுக்குப் பொருத்திப் பார்ப்போம். மேற்குக் கரையில் வளியின் வெப்பம் 29 பாகை எனக் கொள்க. முகில் உண்டாகும்வரை, ஏறும் வளி ஒவ்வொரு நூறு மீற்றருக்கும் ஏறக்குறைய ஒரு பாகை குளிரும். 500 மீற்றர் உயரத்தில் முகில் தொடங்குமாயின் அங்கே 24 பாகை. அதற்குமேல் நீராவி ஒடுங்குகின்றது. ஒடுங்கும் நீராவி, தான் கடலிலிருந்து ஆவியானபோது உட்கொண்ட மறைவெப்பத்தைத் திருப்பிக் கொடுக்கின்றது. ஒரு கிராம் நீருக்கு ஏறக்குறைய 580 கலோரி. அவ்வெப்பம் வளியைத் தாங்கிப்பிடிப்பதால், முகிலினுள் நூறு மீற்றருக்கு அரைப் பாகை அளவே குளிர்கின்றது. 1900 மீற்றர் முகட்டை அடையும்போது 17 பாகை. இனி இறக்கம். முகில் மழையாகக் கழிந்துவிட்டது. மீண்டும் ஆவியாகி வெப்பத்தை உண்ண நீர் இல்லை. ஆகவே இறங்கும் வளி முழு அளவில், நூறு மீற்றருக்கு ஒரு பாகை வீதம் சூடேறுகின்றது. 1900 மீற்றருக்கு 19 பாகை. கீழ்க்கரையின் சமதரையை அடையும்போது 36 பாகை. மேற்கே 29 பாகையாகப் புறப்பட்ட அதே காற்று! வட்டவளையிற் கொட்டிய மழையின் வெப்பமே மகாஓயாவில் முகத்தில் அறைகின்றது. மழை குறைவாயிருக்கும்போதும், மலைக்கு மேலேயுள்ள வறண்ட வளி சரிந்து இறங்குவதால் இவ்வெம்மை உண்டாகலாம் என்று பின்வந்த ஆய்வாளர் சேர்த்துரைத்தனர். அது ஹானின் கணக்கை அழிப்பதன்று.

இக்காற்றையே மட்டக்களப்பார் கச்சான் என்பர். நம் கல்லூரி விடுதியிற் சேரும்வரை கச்சான் என்றால் வறுத்துத் தின்னும் நிலக்கடலை என்று மட்டுமே யாம் அறிந்திருந்தோம். ஆடி மாதத்தில் வீட்டிலிருந்து கடிதம் வந்ததும் மட்டக்களப்பு நண்பர்கள், "ஊரிற் கச்சான் தொடங்கிவிட்டது, பகலில் வெளியே இறங்க ஏலாதாம்" என்பர். கடலை அறுவடையைச் சொல்கின்றனர் போலும் என்று சில காலம் நினைத்திருந்தோம். மேல்காற்று என்பதே அச்சொல்லின் பொருள். தமிழகத்திலும் இதே பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் மலையாளப் பக்கத்தை மழையால் நிரப்பிவிட்டு, கிழக்கே வறண்ட காற்றாய் இறங்குகின்றது. ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கத்திற் காற்றாலைகள் வரிசை வரிசையாக நிற்பது இக்காற்றை நம்பியே. பழந்தமிழர் மேல்காற்றுக்கும் வெயிற்காலத்துக்கும் ஒரே பெயரிட்டது, மலைக்குக் கிழக்கே வாழ்ந்த மக்களின் அனுபவம் என்றே எமக்குத் தோன்றுகின்றது. மலைக்கு மேற்கே வாழ்ந்தோர் அச்சொல்லைப் படைத்திருப்பின் அது மாரியைக் குறித்திருக்கும். சொல்லாராய்ச்சியில் வல்லார் எம்மைத் திருத்துக.

மலையிறங்குங் காற்று எத்துணை வல்லது என்பதற்கு ஒரு சான்று: அமெரிக்காவின் தென் டக்கோட்டாவிலுள்ள ஸ்பியர்பிஷ் என்னும் ஊரில் 1943 ஜனவரி 22ஆம் நாட் காலை, பனியுறைவுக்கு 20 பாகை கீழே இருந்த வெப்பநிலை, இத்தகைய காற்று இறங்கியதும் இரண்டே நிமிடத்தில் உறைநிலைக்கு மேல் 7 பாகைக்கு உயர்ந்தது. நம் கச்சான் அவ்வளவு பரபரப்புக் காட்டுவதில்லை. அது நாட்கணக்காகப் பொறுமையாய்ச் சுடும்.

அது தீமையே செய்வதும் அன்று. ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையிற் பெயர் வாங்கிக் கொடுத்தது இக்காற்றே. ஜூலை முதற் செப்டெம்பர்வரை வறண்ட காற்று வீசும்போது அப்பக்கத்துத் தேயிலைச் செடியின் வளர்ச்சி தளர்கின்றது; கொழுந்து குறைகின்றது; ஆனால் இலையில் மணந்தரும் பொருள்கள் செறிகின்றன. மெதைல் சாலிசிலேற்று என்னும் பொருளின் குளிர்ந்த மணம் ஊவாத் தேநீருக்குத் தனித்த அடையாளம். ஹற்றன், தலவாக்கலைத் தோட்டங்களுக்கு இதே நற்பேறு ஜனவரி முதல் மார்ச்சுவரை, காற்று மாறி அப்பக்கம் வறளும்போது வாய்க்கின்றது. ஒரு பக்கத்தின் மழை மறுபக்கத்தின் மணமாகும். ஆறு மாதத்தில் முறை மாறும். கொழுந்து குறையும் நாளில் கூடை நிரம்பாமையாற் பறிப்பவர் கைக்கு வருவதும் குறையக்கூடும் என்பதை, மணத்துக்கு விலை கூறுவோர் நினைப்பதில்லை.

மூன்றாம்நாள் பதுளையிலிருந்து பசறை, லுணுகலை வழியாக ஏறியும் இறங்கியும் பிபிலையை அடைந்தோம். லுணுகலைக்கு அப்பால் தேயிலை எம்மிடம் விடைபெற்றது. பிபிலையின் தோடம்பழம் பெயர்பெற்றது என்பதை மட்டுஞ் சொல்லி அப்பாற் செல்வோம்.

நான்காம்நாள் யாம் செய்த முதற் பிழை, காலையுணவை ஆறுதலாக உண்டு எட்டு மணிக்குப் புறப்பட்டமை. இரண்டாம் பிழை, காற்றை நண்பனென்று நம்பியமை. கச்சான் மேற்கிலிருந்து வீசுகின்றது. யாமோ கிழக்கு நோக்கிச் செல்கின்றோம். முதுகிற் கைவைத்துத் தள்ளுவதுபோல் இருந்தது. மிதிக்காமலே வண்டி ஓடிற்று. "இன்று மட்டும் காற்று எங்களுக்குக் கூலியில்லா ஆள்" என்று யாமே கூறினோம். முன்னே சென்ற பிள்ளையை நோக்கி, "நிற்காதே, காற்று இருக்கும்போதே போய்விடு" என்று உரக்கக் கூவியதும் யாமே. இதனை எழுதாமல் விட்டால் இக்கட்டுரை பொய்யாகும்.

பின்காற்று சைக்கிளோட்டிக்குச் செய்யுங் கேட்டை இனிக் கூறுவோம். மனித உடல் செலவிடும் சக்தியில் ஏறக்குறைய நாலிலொரு பங்கே மிதிகட்டையைச் சேரும். எஞ்சிய முக்காற் பங்கும் உடலினுள் வெப்பமாகும். அவ்வெப்பத்தை உடல் வெளியேற்றியாக வேண்டும். காற்று தோலினும் குளிர்ந்திருந்தால் அதனிடம் வெப்பத்தைக் கொடுத்துவிடலாம். 36, 37 பாகைக் காற்றிடம் கொடுக்க முடியாது. அதுவே நமக்குக் கொடுக்கும். எஞ்சியுள்ள வழி வியர்வை ஒன்றே. வியர்வை வழிந்து வீழ்வதாற் பயனில்லை. தோலின்மேல் ஆவியாக வேண்டும். ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது அதே 580 கலோரியை உடலிலிருந்து எடுத்துச் செல்லும். வட்டவளையில் மழை விட்டுச்சென்ற கடனை வியர்வை இங்கே அடைக்கின்றது என்னலாம். ஆனால் ஆவியாவதற்குத் தோலின்மேற் காற்று ஓடவேண்டும். காற்றும் மணிக்கு 25 கிலோமீற்றர், வண்டியும் மணிக்கு 25 கிலோமீற்றர் என்றால், ஓட்டுபவன் அசையாத வெந்நீராவிக் கூட்டினுள் இருப்பவனாவான். சட்டை நனைந்து உடலோடு ஒட்டும். நின்ற மாத்திரத்திலோ வறண்ட காற்று அவ்வளவு வியர்வையையும் கணத்தில் உறிஞ்சிவிடும். "எனக்கு வியர்க்கவேயில்லை" என்று அவன் நினைப்பான். பிள்ளையின் சட்டையில் உப்பு வெள்ளைக் கோடுகளாகப் பூத்திருந்ததைப் பார்த்தோம். பார்த்தும் பொருள் உணர்ந்திலேம்.

மகாஓயாவுக்குச் சில கிலோமீற்றர் இப்பால் அவன் வண்டி வீதியின் இடப்பக்கமும் வலப்பக்கமுமாக ஆடியது. விளையாடுகின்றான் என்று நினைத்தோம். அருகிற் சென்று, "தண்ணீர் குடித்தாயா?" என்று வினவ, "நாளைக்குப் பாடம் இருக்கா சேர்?" என்றான். முகம் சிவந்து, கண்கள் எங்கோ நோக்கின. அடுத்த கணம் வண்டியோடு சரிந்தான்.

அப்போது மணி பதினொன்றரை. வெப்பமானி நிழலில் 37 பாகை. வீதியோரத்துப் புளியமரத்தின் கீழ் அவனைக் கிடத்தினோம். எதிரே குடிசையிலிருந்த சிங்கள விவசாயியும் அவர் மனைவியும் ஓடிவந்தனர். எம் சிங்களமும் அவர் தமிழும் நாலு சொல்லுக்குமேற் போகாதவை. வேண்டியதும் "வத்துற" என்ற ஒரு சொல்லே. கிணற்றிலிருந்து குடங்குடமாக நீர் வந்தது. சட்டையைக் களைந்து, நீரை உடலெங்கும் ஊற்றி, நனைத்த சாரத்தை மார்பிற் போர்த்தோம். இலிகிதரும் விவசாயியும் இரு முனையைப் பிடித்து ஒரு சாக்கை விசிறினர். அவ்வேளையில் கச்சான் மரத்தடியில் வீசிற்று. நனைந்த துணியின்மேல் வறண்ட காற்றுப் படவே துணி குளிர்ந்தது; தொட்டுப் பார்த்தபோது மண்பானைபோற் குளிர்ந்தது. அவனை வீழ்த்திய காற்றே அவனைக் குளிர்விக்கவும் உதவிற்று. கால்மணி கழித்துக் கண் விழித்து, தாயை அழைத்தான். பின்னர் எம் பெயரைச் சொன்னான். யாம் எழுந்து மரத்தின் மறுபக்கஞ் சென்று சிறிது நேரம் நின்றோம்.

மகாஓயா அரசினர் வைத்தியசாலையிற் சேலைன் ஏற்றி அன்றிரவு அங்கேயே வைத்திருந்தனர். வெப்பத்தாற் புத்தி தடுமாறுமாயின் அது களைப்பன்று, உயிராபத்து என்றும், உடல்வெப்பம் 40 பாகையைத் தாண்டியிருக்கக்கூடும் என்றும், வாகனந் தேடுமுன் குளிர்வித்ததே நல்லதாயிற்று என்றும் வைத்தியர் கூறினார். உணர்வு தெளியாதவன் வாயில் நீர் புகட்டலாகாது. தெளிந்தபின் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். தோல் வியர்த்திருக்கின்றது, ஆகவே ஆபத்தில்லை என்றும் எண்ணலாகாது. அவர் சிறிது கடிந்தும் பேசினார், கேட்டுக்கொண்டிருந்தோம்.

எனவே யூபிலிப் பயணத்தார்க்கு எம் வேண்டுகோள் சில. பிபிலைக்கு அப்பால் விடியுமுன் நான்கரை மணிக்கே புறப்படுக. பத்து மணிக்குப் பின் நிழலில் இருந்து, மாலை நான்கு மணிக்கு மீண்டும் செல்க. பின்காற்றிற் செல்லும்போது அரைமணிக்கொருதரம் நின்று, காற்றை உடலிற் படவிட்டு, தலையையும் கழுத்தையும் நனைத்துக்கொள்க. மணிக்கு அரை லீற்றர் முதல் ஒரு லீற்றர்வரை வியர்வை போகும். வெறும் நீரையே நாள்முழுதும் மாந்தினால் குருதியில் உப்புக் குறைந்து வேறோர் ஆபத்து நேரும். உப்பிட்ட மோரோ, இளநீரும் உணவுமோ, ஜீவனி போன்ற கரைசலோ உடன் வேண்டும். முன்னே செல்பவன் தனியே செல்லலாகாது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒருவரையொருவர் ஒரு கேள்வி கேட்க. விடை பொருந்தாவிடின் அன்றைய பயணம் முடிந்தது எனக் கொள்க. பெப்ரவரியில் அல்லது மார்ச்சிற் செல்லக் கூடுமாயின் கச்சானே இராது. ஆனால் பாடசாலை விடுமுறை ஆகஸ்டிலேயே வருகின்றது. திசையை மாற்றி மட்டக்களப்பிலிருந்து மலைக்கு ஏறுவோம் என்று எண்ணுவோரும் இருக்கலாம். காற்றின் எதிர்ப்பு, முகத்திற் படும் வேகத்தின் வர்க்கமாகப் பெருகும். அமைதியான வளியில் மணிக்கு 15 கிலோமீற்றர் செல்பவர், 30 கிலோமீற்றர் எதிர்காற்றில் அதே வேகங் காக்க விரும்பினால் 45ஆம் 15ஆம் வர்க்கித்துப் பார்க்க. ஒன்பது மடங்கு! அதன்மேல் ஏற்றம் வேறு.

மறுநாள் பிள்ளையையும் இரண்டு சைக்கிள்களையும் வெலிமடையிலிருந்து மட்டக்களப்புச் சந்தைக்குச் சென்றுகொண்டிருந்த மரக்கறி லொறி ஒன்றில் இலிகிதரோடு ஏற்றினோம். கோவா மூடைகளின்மேல் அவன் அரசன்போற் சாய்ந்திருந்தான். விஞ்ஞான ஆசிரியரும் யாமும் விடியுமுன் புறப்பட்டு, புல்லுமலை கடந்து, கரடியனாற்றில் ஒரு ரயர் வெடித்துத் தாமதப்பட்டு, செங்கலடியை அணுகும்போது மணி பதினொன்று. அங்கே ஒரு விந்தை. முதுகைத் தள்ளிய காற்று திடீரென ஓய்ந்தது. சிறிது நேரம் இலையும் அசையவில்லை. பின் எதிரேயிருந்து, உப்பு மணத்தோடு, கடற்காற்று வந்தது. கச்சான் வலியிழக்கும் நாட்களில் நண்பகலை ஒட்டிக் கரையை மீட்டுக்கொள்வது அதுவே. வண்டி கனத்தது, மிதிக்க வேண்டியதாயிற்று, ஆயினும் அவ்வெதிர்காற்றைப்போல் இனியதொன்றை அப்பயணத்தில் யாம் பெற்றிலேம்.

மட்டக்களப்பில் நண்பர் வீட்டுத் திண்ணையிற் பிள்ளை இளநீர் குடித்துக்கொண்டிருந்தான். நடந்ததை ஒளிக்காமற் கூறுவதென்று துணிந்து அவன் தாயாருக்குத் தொலைபேசி எடுத்தோம். யாம் வாய்திறக்குமுன் அவரே பேசினார். பின்னணியிற் லயத்துத் தகரக்கூரைமேல் மழை இரைந்தது.

"சேர், இங்க நாலு நாளா மழை விடல்ல. உடுப்பு ஒண்ணும் காயல்ல. அங்கயும் இப்பிடித்தான் இருக்கும். தம்பிகிட்ட மறக்காம சுவெட்டரைப் போட்டுக்கச் சொல்லுங்க."